இதய செல் எந்தப் பக்கத்தைப் படிக்கிறது?

(நம் சங்கத்தின் இரத்தப் பரிசோதனை முகாம் நடந்த ஞாயிறன்று சமூகக் கூடத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்தவற்றில் மூன்றை இறுதியில் சேர்த்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)

சங்கத் தலைவர், செயலாளர், பிளாக் பிரதிநிதிகள், காலையிலிருந்து வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று இரத்தம் கொடுத்துவிட்டு இப்போது இட்லி சாப்பிட்ட தெம்பில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் நன்றி. பதினொன்றரைக்கு முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் இந்தக் கூடம் யோகா வகுப்புக்கு வேண்டுமாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுத்தவன். அதனால் யாருக்கும் மாத்திரை சொல்ல மாட்டேன், யாருடைய ரிப்போர்ட்டையும் இங்கே வைத்துப் படிக்கவும் மாட்டேன். இதயத்தின் தசை செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஏன் இந்தத் தலைப்பு? நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, "இதய நோய் பரம்பரையில் இருந்தால் வந்தே தீரும், என்ன செய்தாலும் தப்ப முடியாது" என்றது. இன்னொன்று, "எபிஜெனடிக்ஸ் நிரூபித்துவிட்டது, நினைத்தால் உங்கள் மரபணுவையே மாற்றிக்கொள்ளலாம்" என்றது. இரண்டுக்கும் கீழே ஏராளமான கைகூப்பு. சிலர் இரண்டு செய்திக்குமே கைகூப்பியிருந்தார்கள்! முதல் செய்தியை நம்பினால் பி.பி. மாத்திரையை நிறுத்தத் தோன்றும். இரண்டாவதை நம்பினாலும் பி.பி. மாத்திரையை நிறுத்தத்தான் தோன்றும். எனக்குக் கவலை அதுதான்.

எபிஜெனடிக்ஸ் என்ற சொல்லைத் தமிழில் மேல்மரபியல் என்று எழுதுகிறார்கள். 1942இல் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் உருவாக்கிய சொல். அவர் மனதில் இருந்த கேள்வி எளிமையானது. கருவில் ஒரே ஒரு செல்லில்தான் தொடங்குகிறோம். அதே டி.என்.ஏ.தான் பிரதி எடுக்கப்பட்டு எல்லா செல்லுக்கும் போகிறது. அப்படியானால் ஒரு செல் கண்ணாகவும் ஒரு செல் கல்லீரலாகவும் இன்னொன்று இதயமாகவும் ஆவது எப்படி?

நம் சங்கத்தின் பைலாவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே புத்தகம்தான் கொடுத்திருக்கிறோம். ஆனால் நாய் வளர்ப்பவர் வீட்டில் செல்லப் பிராணிகள் பக்கம் மடிந்து அழுக்காகியிருக்கும். இரண்டு கார் வைத்திருப்பவர் வீட்டில் பார்க்கிங் பக்கம். வாடகைக்கு விட்டிருப்பவர் வீட்டில் குடிபெயர்வுக் கட்டணம் பக்கம். புத்தகம் ஒன்று, திறந்திருக்கும் பக்கம் வேறு. செல்லிலும் அப்படித்தான். இதய செல் இதயத்துக்கான பக்கங்களைப் படிக்கிறது. மற்றவை மூடி ஒட்டப்பட்டிருக்கின்றன.

ஒட்டுவது எப்படி? ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அடங்க வேண்டும். அதற்காக ஹிஸ்டோன் என்ற புரதங்கள் நூல்கண்டு மாதிரி வேலை செய்கின்றன. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு கண்டில் 147 எழுத்து நீள டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும். கண்டு இறுக்கமாக இருந்தால் அந்தப் பகுதியைப் படிக்க முடியாது, தளர்ந்தால் படிக்கலாம். ஹிஸ்டோனின் வால் பகுதியில் அசிட்டைல் என்ற சின்ன வேதிக்குறி ஏறினால் கண்டு தளரும். அதை ஒரு நொதி ஏற்றுகிறது, இன்னொரு நொதி எடுக்கிறது. இது தவிர, டி.என்.ஏ.யின் மேலேயே மெத்தில் என்ற குறி ஒட்டினால், பெரும்பாலும் அந்த மரபணு அமைதியாகிவிடும். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மரபணுவை மாற்றலாம் என்ற செய்தி இங்கேயே அடிபட்டுப் போகிறது. மாறுவது எழுத்து இல்லை, வாசிப்பு.

இது உடம்பு முழுக்க நடப்பதுதான். பின்னே இதயத்தை மட்டும் தனியாகப் பேசுவானேன்? இதய செல்லுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்ட கதை எனக்கு மிகவும் பிடித்தது, வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

1950களில் தொடங்கி வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு வானத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதனை செய்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963இல் ஒப்பந்தம் போட்டு வானத்தில் வெடிப்பதை நிறுத்தினார்கள். அதன்பின் அளவு வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. காற்றில் இருக்கும் கார்பனைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடியை நாம் சாப்பிடுகிறோம், செல் பிரிந்து புதிய டி.என்.ஏ. உருவாகும்போது அந்தக் கார்பன் அதற்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆக ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால் அந்த செல் எந்த வருடம் பிறந்தது என்று சொல்லிவிடலாம். பால் பாக்கெட்டில் தேதி அச்சடித்த மாதிரி.

ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர் இறந்தவர்களின் இதயத்திலிருந்து தசை செல்களின் உட்கருக்களைப் பிரித்தெடுத்து இதைச் செய்து பார்த்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. 25 வயதில் நம் இதயத் தசை செல்களில் வருடத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது. 75 வயதில் அது 0.45 சதவீதம். வாழ்நாள் முழுக்கக் கூட்டினாலும் பாதிகூடத் தேறாது.

அதாவது, இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பெரியவரின் இதயத்தில் பாதிக்கு மேல் அவர் பிறந்தபோது இருந்த அதே செல்கள். தோல் மாறிவிட்டது, குடலின் உள்சவ்வு எத்தனையோ முறை மாறிவிட்டது, இரத்தம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிகிற இந்தத் தசை, சைக்கிளில் பள்ளிக்கூடம் போன அதே தசை. ஆளை மாற்ற முடியாத இடத்தில் இருக்கும் ஆளே வேலையை மாற்றிச் செய்ய வேண்டும். அதனால்தான் இதய செல் எந்தப் பக்கத்தைப் படிக்கிறது என்பது மற்ற உறுப்புகளைவிட இங்கே அதிக முக்கியம்.

இனி அந்த செல்லின் வாழ்க்கைக்கு வருகிறேன்.

கருப்பையில் இருக்கும்போது சிசுவின் இதய செல்கள் பிரிந்து பெருகுகின்றன. அங்கே பிராணவாயு குறைவு. அதனால் பெரும்பாலும் சர்க்கரையை எரித்தே வேலை நடக்கிறது. குழந்தை பிறந்து மூச்சு விட்டதும் எல்லாம் தலைகீழ். பிராணவாயு தாராளம், தாய்ப்பாலில் கொழுப்பு தாராளம். இதயம் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. செல் பிரிவது கொஞ்ச நாளில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சிசுப் பருவத்துக்கான பக்கங்கள் ஒவ்வொன்றாக ஒட்டப்படுகின்றன.

இந்த ஒட்டல் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதற்கு 2011இல் அமெரிக்காவில் சுண்டெலியில் ஒரு சோதனை நடந்தது. பிறந்து ஒரு நாளே ஆன குட்டியின் இதய நுனியைக் கொஞ்சம் வெட்டினால் அது முழுவதுமாகத் திரும்ப வளர்ந்துவிட்டது. ஏழு நாள் ஆன குட்டிக்கு அதையே செய்தால் வளரவில்லை, தழும்புதான் வந்தது. ஒரு வாரத்துக்குள் கதவு சாத்தியாகிவிட்டது. வரிக்குதிரை மீன் என்று ஒரு சின்ன மீன், அலங்காரத் தொட்டியில் வளர்ப்பார்களே, அதற்கு வயதானாலும் அந்தக் கதவு சாத்துவதில்லை. இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொள்ளும். நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மாரடைப்பில் இறந்த செல்களின் இடத்தில் தழும்புதான் வரும்.

இப்போது நோய். மாரடைப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நான் மெதுவாக நடக்கிற ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். உயர் இரத்த அழுத்தம்.

இடது கீழறைதான் உடம்பு முழுக்க இரத்தத்தைத் தள்ளுகிறது. பி.பி. கூடினால் ஒவ்வொரு துடிப்பிலும் அது அதிக எதிர்ப்பைத் தள்ள வேண்டும். தொட்டிக்கு ஏற்றுகிற குழாயில் வால்வைப் பாதி மூடிவிட்டு அதே அளவு தண்ணீர் ஏற்று என்று மோட்டாரிடம் சொன்னது மாதிரி. கூடுதலாக ஆள் சேர்க்க முடியாது, செல் பிரியாது. அதனால் இருக்கும் செல் ஒவ்வொன்றும் பருக்கிறது. சுவர் தடிக்கிறது. எக்கோ ரிப்போர்ட்டில் எல்.வி.எச். என்று போடுகிறார்களே, அது இதுதான்.

பருப்பதோடு நின்றால் பரவாயில்லை. அழுத்தத்தில் இருக்கும் செல், பிறந்தபோது ஒட்டி மூடிய பக்கங்களை மறுபடி பிரிக்கத் தொடங்குகிறது. கருப்பையில் படித்த பழைய பாடம். கொழுப்பை எரிப்பது குறைந்து சர்க்கரையை எரிப்பது கூடுகிறது. சிசுப் பருவத்துப் புரதங்கள் திரும்ப வருகின்றன. இதைச் சிசு மரபணுத் திட்டம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

மூடியிருந்த பக்கம் எப்படிப் பிரிகிறது? அசிட்டைல் குறியை எடுக்கும் நொதிகள் என்றேனே, அவற்றுக்கு எச்டாக் என்று பெயர். அந்தக் குடும்பத்தில் சில, இதய செல்லின் உட்கருவில் செக்யூரிட்டி மாதிரி நிற்கின்றன. தடிப்பை உண்டாக்கும் மரபணுக்களை முடுக்குகிற ஒரு புரதத்தைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கின்றன. அழுத்தம் கூடிக்கொண்டே போனால் செல்லுக்குள் கால்சியத்தின் போக்கு மாறுகிறது. அந்தக் கால்சியம் ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி வந்து செக்யூரிட்டியின் மேல் பாஸ்பேட் என்ற குறியை ஒட்டுகிறது. ஒட்டியதும் அவர் உட்கருவை விட்டு வெளியே போய்விடுகிறார். கேட் திறந்துவிட்டது. 2002இல் அமெரிக்காவில் எரிக் ஓல்சன் குழுவினர் எச்டாக்-9 என்ற செக்யூரிட்டியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அழுத்தம் கொடுத்தபோது அவற்றின் இதயம் சாதாரண எலிகளுடையதைவிட மிக அதிகமாகப் பருத்தது.

இது ஏதோ ஆராய்ச்சிக்கூடக் கதை என்று நினைக்காதீர்கள். உங்களில் சிலர் கையில் ஏற்கனவே இருக்கும் ரிப்போர்ட்டில் இது வந்திருக்கும். என்.டி. ப்ரோ பி.என்.பி. என்று ஒரு இரத்தப் பரிசோதனை. மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று போனால் இதயச் செயலிழப்பா என்று அறிய எழுதித் தருவார்கள். பி.என்.பி. என்பது உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோன். 1988இல் ஜப்பானியர்கள் பன்றியின் மூளையில் கண்டுபிடித்ததால் பெயரிலேயே மூளை வந்துவிட்டது. பிற்பாடு பார்த்தால் அதை அதிகம் தயாரிப்பது இதயம்! சிசுவின் கீழறையில் இந்த மரபணு மும்முரமாக இயங்குகிறது. பிறந்தபின் பெருமளவு அடங்குகிறது. கீழறை திணறும்போது திரும்ப முழங்குகிறது. ஆக அந்தப் பரிசோதனை அளப்பது, மூடிய பக்கம் ஒன்று மறுபடி பிரிந்ததைத்தான்.

இந்த ஹார்மோன் கெட்டது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றினால் இதயத்தின் சுமை குறையும். சர்க்கரையை எரித்தால் கொஞ்சம் பிராணவாயு மிச்சம். அதாவது பழைய பாடத்துக்குப் போவது முதலில் ஒரு தற்காப்பு. சில வாரத்துக்கான ஏற்பாடு அது. அதையே வருடக்கணக்கில் ஓட்டினால் தசை விறைக்கிறது, தளர்கிறது, இடையில் நார் படிகிறது.

உடற்பயிற்சி செய்பவர் இதயமும் பெரிதாகுமே என்று கேட்பீர்கள். ஆகும். கர்ப்பிணிகளின் இதயமும் கொஞ்சம் பெரிதாகும். ஆனால் அங்கே இந்தப் பழைய பக்கங்கள் பொதுவாகப் பிரிவதில்லை. பயிற்சி நின்றால், பிரசவம் ஆனால், இதயம் பழைய அளவுக்குத் திரும்புகிறது. ஓட்டக்காரருக்கு ஒரு மணி நேரச் சுமை, அப்புறம் ஓய்வு. பி.பி. இருப்பவரின் இதயத்துக்கு அவர் தூங்கும்போதும் ஓய்வு இல்லை.

சரி, பிரிந்த பக்கத்தைத் திரும்ப மூட முடியுமா? இதைச் சொல்லும்போதுதான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏனென்றால் விளம்பரக்காரர்கள் நுழைவது இந்த இடத்தில்தான்.

எலியில் முடிகிறது. பக்கத்தின் மேல் ஒட்டிய அசிட்டைல் குறியைப் படித்துச் சொல்லும் ஒரு புரதம் இருக்கிறது, அதைத் தடுக்கும் ஒரு மூலக்கூறைக் கொடுத்தால் எலிகளில் இதயத் தடிப்பும் செயலிழப்பும் குறைந்ததாக 2013இல் காட்டினார்கள். 2021இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தில் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். இதயத்தில் தசை செல் மட்டும் இல்லை, நாரை உண்டாக்கும் செல்களும் உண்டு. மருந்து கொடுத்தபோது அந்த செல்களில் திறந்திருந்த பக்கங்கள் மூடின, இதயம் தேறியது. மருந்தை நிறுத்தியதும் பக்கங்கள் மறுபடி திறந்தன, இதயம் மறுபடி சரிந்தது. சுவிட்ச் போட்டு அணைத்த மாதிரி. நோயுற்ற இதயத்தில்கூட இந்தக் குறிகள் கல்வெட்டு இல்லை என்று அது காட்டியது.

மனிதரில்? அதே வகையைச் சேர்ந்த அபபெட்டலோன் என்ற மருந்தை, சர்க்கரை நோயும் அண்மையில் மாரடைப்பு போன்ற பாதிப்பும் வந்த 2,425 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கும் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 12.4 சதவீதம் பேருக்கும் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் என்று ஏதாவது ஒன்று வந்தது. பார்க்க நல்ல வித்தியாசம் மாதிரித் தெரியும். ஆனால் தற்செயலாகவும் வரக்கூடிய அளவு வித்தியாசம்தான் அது. பயன் நிரூபணம் ஆகவில்லை. எச்டாக்கைத் தடுக்கும் மருந்துகள் சில புற்றுநோய்களுக்கு 2006 முதல் இருக்கின்றன, இதயத்துக்கு இல்லை. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டம் இல்லை. இந்த நொதிகள் இதயத்தில் மட்டுமா இருக்கின்றன? மூளையில், எலும்பு மஜ்ஜையில், குடலில், எல்லா இடத்திலும் இருக்கின்றன. போதாததற்கு, எச்டாக் குடும்பத்தில் அண்ணன் தடிப்பைத் தடுத்தால் தம்பி தடிப்பை வளர்க்கிறான். மொத்தக் குடும்பத்தையும் ஒரே மருந்தால் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பது சுலபமான கணக்கு இல்லை.

ஆகவே இன்றைக்கு, இதய செல்லின் குறிகளை நேரடியாகத் திருத்துகிற மாத்திரையோ பொடியோ லேகியமோ கடையில் இல்லை. இருக்கிறது என்று சொல்பவரிடம் எந்த மருத்துவச் சோதனையில் நிரூபித்தீர்கள் என்று கேளுங்கள்.

ஆனால் சுமையைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. பழைய, மலிவான, அலுப்பூட்டுகிற பி.பி. மாத்திரைகள். அவற்றை ஒழுங்காக எடுத்து அழுத்தம் குறைந்தவர்களிடம் தடித்த சுவர் மெலிவதை எக்கோவில் பார்க்கிறார்கள். இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பலிக்கும்போது பி.என்.பி. இறங்குவதையும் பார்க்கிறார்கள். செக்யூரிட்டியை நாம் தோளைப் பிடித்து உள்ளே தள்ளவில்லை. அவரை வெளியே துரத்திய காரணத்தைக் குறைத்தோம். என் கணிப்பில், எபிஜெனடிக்ஸ் இதயத்துக்கு இதுவரை கொடுத்திருக்கும் பெரிய பயன், இந்தப் பழைய மாத்திரைகளை ஏன் நிறுத்தக்கூடாது என்பதற்கான விளக்கம்தான்.

பரம்பரை என்ற முதல் செய்திக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பரம்பரை உண்மை. 2009இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் குழுவினரும், மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உட்படப் பலரும் சேர்ந்து ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், நம் துணைக்கண்டத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் பேருக்கு இருக்கிறது. இதயத் தசை நோய்க்கான ஆபத்தை அது கூட்டுகிறது. நம் குடியிருப்பில் எண்ணூறு பேர் என்றால் முப்பது பேரிடம் இருக்கலாம். ஆனால் அந்த முப்பது பேரும் நோயாளிகள் இல்லை. பலருக்கு நடுவயது வரை ஒரு அறிகுறியும் இராது, சிலருக்குக் கடைசிவரை இராது. வேறு மாற்றமும் கூடவே இருக்கிறதா, என்ன சுமை, எத்தனை வருடம், இதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஆக, குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் இதய நோயோ திடீர் மரணமோ இருந்தால், "வந்தே தீரும்" என்று உட்காராமல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

புகை பிடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஏறக்குறைய 16,000 பேரின் இரத்தத்தைப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. புகையிலை ஆயிரக்கணக்கான இடங்களில் மெத்தில் குறியை மாற்றுகிறது. விட்டவர்களிடம் அவற்றில் பெரும்பாலானவை ஐந்து வருடத்துக்குள் புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்பிவிட்டன. சில இடங்கள் மட்டும் முப்பது வருடம் ஆகியும் திரும்பவில்லை. இது இரத்த செல்லில் பார்த்தது, இதயத்தில் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். போன மாதம் நம் கேட்டில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். எச்சில் மாதிரி கொடுத்தால் உங்கள் இதயத்தின் உயிரியல் வயதைச் சொல்கிறோம் என்று. மெத்தில் குறிகளை வைத்து வயதை மதிப்பிடும் கணக்கு உண்மையானதுதான். 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத் என்பவர் 353 இடங்களை வைத்து அதைச் செய்தார். ஆயிரம் பேரை ஆராயும்போது அது நல்ல கருவி. ஆனால் எச்சிலில் இருப்பவை வாயின் செல்களும் வெள்ளணுக்களும். இதயத் தசையின் பக்கங்கள் எச்சிலில் தெரியாது. அதைப் பார்க்க இதயத்திலிருந்தே சதை கிள்ளி எடுக்க வேண்டும். அந்தப் பணத்துக்குக் கையில் கட்டும் நல்ல பி.பி. கருவி ஒன்று வாங்கலாம், மிச்சமும் இருக்கும்.

நேரம் ஆகிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

கேள்வி (ஏ பிளாக்): சார், அந்த பி.என்.பி. டெஸ்ட்டை அடுத்த முகாமில் எல்லோருக்கும் எடுக்கச் சொல்லலாமா?

வேண்டாம். அறிகுறி இல்லாத எல்லோருக்கும் எடுப்பதற்கான பரிசோதனை இல்லை அது. வயதானால் அளவு தானாகவே கூடும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் கூடும். உடல் பருமன் இருந்தால் குறைத்துக் காட்டும். மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், கணுக்கால் வீங்கினால், மருத்துவர் பார்த்து எழுதட்டும்.

கேள்வி (டி பிளாக்): கர்ப்பத்தில் சரியாகச் சாப்பிடாவிட்டால் குழந்தைக்குப் பின்னால் இதய நோய் வரும் என்று படித்தேன். என் பையன் பிறக்கும்போது இரண்டே கால் கிலோதான். எனக்கு அப்போது வாந்தி நிற்கவே இல்லை. அது என்னால் வந்ததா?

இல்லை அம்மா. கேட்டது நல்லது, இன்னும் சிலர் மனதிலும் இது இருக்கும். பிரிட்டனில் டேவிட் பார்க்கர் 1980களில் இதைக் கிளப்பினார். பிறப்பு எடை குறைந்தவர்களிடம் பிற்காலத்தில் இதய நோய் சற்று அதிகம் என்று. மைசூரில் ஒரு மிஷன் மருத்துவமனை 1934 முதல் எழுதி வைத்த பிறப்புப் பதிவேடுகளை வைத்துச் சுமார் 500 பேரைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது அங்கேயும் அப்படித்தான் தெரிந்தது. நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவை மறித்துப் பஞ்சம் வந்தது. அப்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்தவர்களிடம் அறுபது வருடம் கழித்தும் ஒரு வளர்ச்சி மரபணுவின் மெத்தில் குறி, அவர்கள் கூடப் பிறந்தவர்களிடம் இருப்பதைவிடக் குறைவாக இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் இவை கூட்டத்தைப் பற்றிய கணக்கு. எடை குறைந்து பிறந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். அந்தப் பஞ்சத்துக்கு நெதர்லாந்துத் தாய்மார்களா காரணம்? பையனுக்கு இப்போது என்ன வயது? முப்பத்து நான்கா? வருடம் ஒருமுறை பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள், இடுப்புச் சுற்றளவைக் கவனிக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி (பி பிளாக்): என் வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கிறார், அதனால் தைரியமாகக் கேட்கிறேன். (சிரிப்பு.) 150, 95 என்று காட்டுகிறது. எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று மாத்திரையை வாரத்தில் மூன்று நாள்தான் போடுகிறார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது, அது சரி. பி.பி. வலிப்பதில்லை. ஆனால் நான் இவ்வளவு நேரம் பேசியது, அவருக்குத் தெரியாமல் அவருடைய இடது கீழறைக்குத் தெரிகிறது என்பதைத்தான். சார், நீங்கள் மாத்திரையை மாற்றுவதோ குறைப்பதோ உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள், நீங்களாக வேண்டாம். இருமல் வருகிறது, தலை சுற்றுகிறது, கால் வீங்குகிறது என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். வேறு வகை மாத்திரைகள் எத்தனையோ இருக்கின்றன. போகும் முன் ஒரு வாரம் வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். காபி குடித்து அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்துப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, கையை மேஜையில் இதய மட்டத்தில் வைத்து, காலையில் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை. சங்க அலுவலகத்தில் ஒரு கருவி இருக்கிறது, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பேட்டரியை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மேனேஜர் சொன்னார், புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.